பச்சைக் கட்டம் வந்த பிறகும் இடப்பக்கம் இழுத்த வண்டி

இந்த முறை விடுப்பில் ஊருக்கு வந்தபோது இருந்ததே மூன்று வாரம், அதில் முழுதாக நான்கு நாள் தம்பியின் நாலு வீல் டிரைவ் வண்டிக்கே போனது. அதற்காக வருத்தமில்லை. எங்கே என்ன செய்தார்கள், எதைச் செய்யாமல் விட்டார்கள் என்று எழுதி வைத்தால், வண்டியைத் தூக்கிக் கட்டிவிட்டு அலைன்மென்ட்டுக்கு (சக்கரங்களின் கோணங்களை அளந்து சரிசெய்வது) பிறகும் ஒரு பக்கம் இழுக்கிறதே என்று அலைகிறவர்களுக்கு உதவும்.

விமான நிலையத்துக்கு அவனேதான் வண்டியோடு வந்தான். வண்டியை உயர்த்த மூன்று அங்குல லிஃப்ட் கிட், 33 அங்குல டயர், முன்னால் இரண்டு வீலையும் இணைத்து ஒரே துண்டாக வரும் கெட்டியான ஆக்சில், அதைத் தாங்கக் காயில் ஸ்பிரிங். லிஃப்ட் போட்ட நாலு நாளில் அலைன்மென்ட்டும் செய்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன், நேரான சாலையிலும் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் லேசாகத் திருப்பிப் பிடித்தபடியே ஓட்டுகிறான். கேட்டால், "அது அப்படித்தான் அண்ணா, டயர் பெருசுல்ல" என்றான். டயர் பெரிதாக இருப்பது மட்டும் ஒரு வண்டியை இழுக்க வைக்காது. இழுப்பு ஏற்கெனவே இருந்தால் அதைப் பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவுதான்.

மறுநாள் அலைன்மென்ட் செய்த இடத்துக்கே போனோம். இடத்தின் பெயர் வேண்டாம், ஆட்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். மறுபடி மெஷினில் ஏற்றி, சென்சார் மாட்டி, சரியான அளவுகளைப் பச்சைக் கட்டத்தில் காட்டும் ஒரு சீட்டு எடுத்துக் கொடுத்தார்கள். "எல்லாம் பச்சைதான் சார், எங்க பக்கம் தப்பில்ல, டயரைப் பாருங்க." மெஷினில் ஏற்றுவதற்கு முன்னாலும் சரி, இறக்கிய பின்னாலும் சரி, யாரும் வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை. எனக்குப் பெரிய குறையாகப் பட்டது அதுதான். இழுக்கிறது என்று சொல்லி வருகிற வண்டியை ஓட்டாமல் எப்படிப் பார்ப்பது? மெஷின் கோணத்தை அளக்கும். நிற்கிற வண்டியின் கோணம் அது. ஓடும்போது எந்தப் பாகம் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பது அதற்குத் தெரியாது.

சரி, நாமே வரிசையாகப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். முதலில் புகார் என்ன என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் மூன்று வேறு வேறு கோளாறுகளை எல்லோரும் "இழுக்குது" என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். கையை விட்டால் வண்டி நேராகப் போகிறது, ஆனால் ஸ்டீயரிங் மட்டும் கோணலாக இருக்கிறது என்றால் அது இழுப்பு இல்லை. லிஃப்ட் போட்டதும், ஸ்டீயரிங்கின் திருப்பலை வீலுக்குக் கொண்டுபோகும் கம்பியான டிராக் லிங்க்கின் சாய்வு மாறிவிடும், அதன் நீளத்தைத் திருகிச் சரிசெய்தால் ஸ்டீயரிங் நடுவுக்கு வந்துவிடும். வண்டி ஒரு நேரம் இடம், ஒரு நேரம் வலம் என்று அலைந்தால் அது வேறு, பெரும்பாலும் கேஸ்டர் (வீல் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்ததோ எங்காவது ஆட்டம் விழுந்ததோ காரணமாக இருக்கும். எப்போதும் ஒரே பக்கம், கையைத் தளர்த்தினதும் அந்தப் பக்கமே போகிறது என்றால்தான் உண்மையான இழுப்பு. தம்பியின் வண்டி மூன்றாவது ரகம். எப்போதும் இடப்பக்கம். கொஞ்சம் இரண்டாவதும் கலந்திருந்தது, அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

சாலையை நம்பக் கூடாது. மழைத்தண்ணீர் வடிவதற்காக நடுவிலிருந்து ஓரம் நோக்கிச் சாலையைச் சரித்துத்தான் போடுவார்கள், அதனால் எந்த நல்ல வண்டியும் ஓரம் பார்த்துக் கொஞ்சம் ஒதுங்கும். காலையில் ஆளில்லாத, கான்கிரீட் போட்ட ஒரு பெரிய சமதளத்தில் போகும்போதும் வரும்போதும் ஓட்டிப் பார்த்தோம். இரண்டு திசையிலும் வண்டிக்கு இடப்பக்கம்தான். தரையின் மீது பழி போட முடியாது என்று ஆனது.

அப்புறம் காற்று. நான்கு டயரும் ஆறிய பிறகு, கையிலிருந்த ஒரே கேஜால் பார்த்தோம். காற்று குறைந்த பக்கம்தான் வண்டி இழுக்கும், ஆனால் இரண்டு முன் டயரும் ஒன்றுபோல இருந்தன. அடுத்து முன் டயர்கள் இரண்டையும் பக்கம் மாற்றினோம். ரேடியல் டயரின் உள்ளே பெல்ட் ஒரு நூல் விலகி அமைந்துவிட்டால், அந்த டயர் கூம்பு போல ஒரு பக்கம் உருளப் பார்க்கும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது, மெஷினிலும் தெரியாது. பக்கம் மாற்றியதும் இழுப்பும் பக்கம் மாறினால் டயர்தான் குற்றவாளி. எங்களுக்கு மாறவில்லை. டயர் மாற்றச் சொன்னவர்கள் பேச்சைக் கேட்டு நான்கு புது டயர் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். (ஒரே திசையில் மட்டும் ஓட வேண்டிய டயர் என்றால், சோதனைக்கு மட்டும் மாற்றி மெதுவாக ஓட்டிவிட்டு உடனே திருப்பிப் போட்டுவிட வேண்டும்.)

பிரேக்கும் பார்த்தோம். பத்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி, தானாக வேகம் குறையவிட்டு நிறுத்தி, டிஸ்க் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தால் எந்தப் பக்கம் காலிப்பர் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பாகம்) பிடித்துக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கம் சூடு தெரியும். கை நேரடியாகப் படக் கூடாது. அதற்கென்று சின்ன வெப்பமானி வருகிறது, அது இருந்தால் நல்லது. பிரேக் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கிப்போனாலும் எண்ணெய் திரும்பி வராமல் அந்த வீல் மட்டும் பிடித்தே இருக்கும். ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றியும் பார்த்தோம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி லேசாகச் சுற்றின. முன் சக்கரங்கள் தூக்கியிருக்கும்போதே இன்ஜினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கைத் தொடாமல் பார்த்தோம், அது தானாகவே இடப்பக்கம் மெல்லத் திரும்பியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பவர் ஸ்டீயரிங் பாக்ஸின் உள்ளே வால்வு நடுவில் இல்லை என்றால் இப்படித்தான் திரும்பும் என்று படித்திருந்தேன். பாக்ஸ் போய்விட்டது, பெரிய செலவு என்று நினைத்தேன். இன்ஜினை அணைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்திருக்க வேண்டும். அங்கேதான் அவசரப்பட்டேன்.

பாக்ஸைக் கழற்றக் கொடுப்பதற்கு முன், உறவுக்காரர் ஒருவர் சொல்லி ஒரு சின்னப் பட்டறைக்குப் போனோம். அந்த அண்ணன் முதலில் கேட்டது இதுதான்: "எப்ப ஆரம்பிச்சது தம்பி? லிஃப்ட் போட்டதுமா, அலைன்மென்ட் பண்ணதுமா?" தம்பி யோசித்துவிட்டு, லிஃப்ட் போட்ட நாலு நாளும் ஸ்டீயரிங்கே கோணலாக இருந்ததால் எதையும் கவனிக்கவில்லை, அலைன்மென்ட்டில் அது நேரான பிறகுதான் இழுப்பு தெரிந்தது என்றான். அடுத்து, "சீட்டைக் குடுங்க" என்றார். வாங்கிப் பார்த்தவர் ஒரு இடத்தில் விரலை வைத்தார். கேம்பர் (வீலின் மேல்பக்கம் உள்ளே வெளியே சாய்வது) பச்சை, டோ (வீல்களின் முன்பக்கம் உள்ளே வெளியே திரும்பியிருப்பது) பச்சை, கேஸ்டருக்கு உண்டான இரண்டு கட்டமும் காலி. நாங்கள் அந்தச் சீட்டை நான்கைந்து முறை பார்த்திருப்போம், காலியாக இருந்தது கண்ணில் படவே இல்லை.

கேஸ்டரை அளக்க வேண்டுமென்றால் வீலைச் சுழலும் தட்டின் மேல் நிறுத்தி இந்தப் பக்கம் இத்தனை டிகிரி, அந்தப் பக்கம் இத்தனை டிகிரி என்று திருப்ப வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும், பெரிய டயரென்றால் இன்னும் சிரமம், அதனால் விட்டுவிட்டார்கள். கெட்டி ஆக்சில் வண்டியில் டோ எவ்வளவு தப்பாக இருந்தாலும் இரண்டு வீலும் ஓடும்போது அதைப் பங்கிட்டுக்கொள்ளும், டயர் தேயுமே தவிர ஒரு பக்கமாக இழுப்பது அரிது. இழுப்பைப் பற்றிப் பேச வேண்டிய எண்களில் முக்கியமானதே அந்தக் காலிக் கட்டம்.

சைக்கிளின் முன் ஃபோர்க் பின்பக்கம் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்தச் சாய்வும் உதவுவதால்தான் கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போகப் பார்க்கிறது. வண்டியில் அதற்குப் பெயர்தான் கேஸ்டர். கெட்டி ஆக்சில் வண்டியைத் தூக்கும்போது, ஆக்சிலைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கன்ட்ரோல் ஆர்ம் கீழ்நோக்கிச் சாய, ஆக்சிலே முன்பக்கமாகக் கொஞ்சம் உருண்டுவிடுகிறது, சாய்வு குறைகிறது. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் குறைந்த பக்கம் இழுக்கும். இரண்டு பக்கமும் சமமாகக் குறைந்தால் இழுக்காது, ஆனால் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பும் பலம் போய்விடும், அப்புறம் எது லேசாகத் தள்ளினாலும் வண்டி அந்தப் பக்கம் போகும்.

அப்படித் தள்ளியது எது என்பதைத்தான் அவர் அடுத்துக் காட்டினார். வண்டிக்கு அடியில் போய் ஸ்டீயரிங் டேம்பரின் (ஸ்டீயரிங் உதறாமல் அடக்கும் ஷாக் போன்ற பாகம்) ஒரு முனை போல்ட்டை மட்டும் கழற்றினார். கழன்றதும் அதன் கம்பி தானாகவே வெளியே நீண்டு வந்தது. கையால் உள்ளே அழுத்தினால் மறுபடி வெளியே வருகிறது. பழைய டேம்பர் எண்ணெய் மட்டும் உள்ளது, விட்ட இடத்தில் நிற்கும். லிஃப்ட் கிட்டோடு வந்தது அதிக அழுத்தத்தில் வாயு அடைத்தது, அது எந்நேரமும் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஜாக்கியில் தூக்கியபோது ஸ்டீயரிங் தானாகத் திரும்பியதற்கும் அதுதான் காரணம். இன்ஜினை அணைத்துத் தூக்கியபோதும் திரும்பியது, டேம்பரைக் கழற்றியதும் இன்ஜின் ஓடினாலும் அசையவில்லை. பாக்ஸ் நன்றாகவே இருந்தது. டேம்பர் இல்லாமல் காலி இடத்தில் மெதுவாக ஓட்டினோம், இழுப்பு சுத்தமாக இல்லை. மெதுவாக என்று சொல்லக் காரணம் உண்டு. டேம்பர் இல்லாதபோது வேகத்தில் முன்பக்கம் உதறத் தொடங்கினால் கட்டுப்படுத்துவது கஷ்டம்.

டேம்பரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கலாம், அந்த அண்ணன் அப்படிச் செய்யவில்லை. "தள்ளுறதை எடுத்தாச்சு, ஆனா நேரா போகச் சொல்றது யாரு?" என்று கேட்டார். கேஸ்டரை அளந்தபோது இரண்டு பக்கமும் 2.4 டிகிரிதான் இருந்தது. நீளம் மாற்றக்கூடிய கீழ் கன்ட்ரோல் ஆர்ம்கள் போட்டு 4.8-க்குக் கொண்டுவந்தோம். அதற்கு மேல் கூட்ட வேண்டாம் என்றார், ஏனென்றால் ஆக்சிலை அந்தப் பக்கம் உருட்டினால் முன் டிஃபரன்ஷியலின் (முன் வீல்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) மூக்கு கீழே இறங்கும், அதற்குச் சக்தி கொண்டுவரும் முன் ஷாஃப்ட்டின் மூட்டுக் கோணம் கெட்டு அதிர்வு வரும். இன்னொன்றையும் கவனித்தார். லிஃப்ட் போட்டவர்கள் ஆக்சில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஆர்ம் முனைகளில் இருக்கும் ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை எல்லாம் முறுக்கிவிட்டிருந்தார்கள். வண்டி சக்கரத்தில் நிற்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும், அதுவும் ஒரு தள்ளல்தான். எல்லாவற்றையும் தளர்த்தி, வண்டியைத் தரையில் நிறுத்தி, ஒருமுறை ஆட்டிவிட்டு மறுபடி முறுக்கினார். பின் ஆக்சில் நேராக இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் வீல் நடுவுக்கு வீல் நடு டேப் வைத்துப் பார்த்தார், 3 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், விட்டுவிட்டார்.

கடைசியாக வேறொரு இடத்தில் அலைன்மென்ட். இந்த முறை நான் முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன்: ஏற்றும் முன் ஓட்டிப் பாருங்கள், வீலைத் திருப்பிக் கேஸ்டரை அளந்து பாருங்கள், செய்வதற்கு முன்னும் பின்னும் இரண்டு சீட்டு வேண்டும், கடைசியில் ஸ்டீயரிங் கோண சென்சாரைப் பூஜ்யத்துக்கு வையுங்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. சொல்லிக் கேட்டால் செய்கிறார்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுகிறார்கள். நான் வேலை செய்யும் நாட்டிலும் இதே கதைதான், அங்கே அலைன்மென்ட் சீட்டு இன்னும் அழகாக அச்சாகி வரும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அங்கே வண்டிக்கு அடியில் என்னைக் கூடவே குனிய வைத்து, கம்பி தானாக நீள்வதைக் காட்டி, இது ஏன் என்று யாரும் இதுவரை விளக்கியதில்லை.

திரும்பும் நாளில் விமான நிலையம் வரைக்கும் நான்தான் ஓட்டினேன். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டு வந்தான். போன வாரம் பேசும்போது, போல்ட்டுகளை எல்லாம் மறுபடி முறுக்கிப் பார்த்துவிட்டானாம், எதுவும் தளரவில்லை, டயர் இரண்டு பக்கமும் சமமாகத்தான் தேய்கிறது என்றான். நாலு வீல் டிரைவில் போகும்போது எண்பது கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் லேசாக ஓர் அதிர்வு வருகிறதாம், முன் ஷாஃப்ட்டைப் பார்க்க அந்த அண்ணனிடமே விடப் போகிறான்.