கூரியரில் சிறுவிடை அடைமுட்டை வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன ஆடிக் கடைசியில் முப்பது அடைமுட்டை, அதாவது குஞ்சு பொரிக்க வைக்கிற முட்டை, வாங்கினேன். அசல் சிறுவிடை (சின்ன உடம்பு நாட்டுக்கோழி இனம்) என்றார்கள். முட்டை 45 ரூபாய், பார்சல் 150, ஆக 1,500 ரூபாயை ஜிபேயில் முன்கூட்டியே போட்டுவிட்டேன். இப்போது சித்திரை. அந்த முட்டைகளில் வந்த நான்கு பெட்டைகள் எங்கள் வாசலில் மேய்கின்றன. ஒன்றுகூடச் சிறுவிடை இல்லை.

பணம் போனதைவிட எனக்கு ஆத்திரம் வேறு விஷயத்தில். கோழியாக வாங்கினால் கையில் பிடித்துப் பார்க்கலாம். முட்டையில் ஏமாற்றினால் அன்றைக்குத் தெரியாது. ஏழாம் நாள் கொஞ்சம் தெரியும், இருபத்தோராம் நாள் இன்னும் கொஞ்சம் தெரியும், மூன்றாம் மாதம் சந்தேகம் வலுக்கும். பெட்டை முட்டை வைத்து, அடைக்கு உட்காராமலே போகும்போதுதான் முழுதும் விளங்கும். அதற்குள் விற்றவர் உங்கள் நம்பரை பிளாக் செய்து மாதக்கணக்காகி இருக்கும்.

நாங்கள் வேடசந்தூர் பக்கம். அம்மா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சிறுவிடைக் கோழிகள்தான் வீட்டில் வழிவழியாக இருந்தன. இரண்டு வருடத்துக்கு முன் கோடையில் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து, நாலே நாளில் பதினான்கு கோழிகளும் போய்விட்டன. பிப்ரவரியில் ஊருக்கு வந்த தடுப்பூசி முகாமுக்கு நாங்கள் கொண்டுபோகாதது எங்கள் தப்பு. அந்தக் கோழிகளின் அருமை வளர்த்தவர்களுக்குத் தெரியும். பன்னிரண்டு, பதினைந்து முட்டை வைக்கும், தானே அடைக்கு உட்காரும், தானே பொரிக்கும். பருந்து நிழல் தரையில் விழுந்தால் போதும், அத்தனை குஞ்சுகளையும் இறக்கைக்குள் வாரிக்கொள்ளும். பல்பும் வேண்டாம், மெஷினும் வேண்டாம். அம்மா அதைத்தான் திரும்பக் கேட்டார்.

விற்றவரை வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் பார்த்தேன். அவர் அனுப்பிய காணொளியில் செம்மண் தோட்டம், வரிசையாகப் பனைமரம், மேய்கிற சின்னச் சின்னப் பெட்டைகள். பார்த்ததும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்பி வாங்குங்க சிஸ்டர், எல்லாம் நம்ம தோட்டத்துல மேயற கோழி, முட்டை வச்சு மூணு நாள்கூட ஆகல" என்றார். நானும் நம்பினேன்.

பார்சல் ஆம்னி பஸ்ஸில் வந்தது. உமிக்குள் புதைத்து ஒழுங்காகத்தான் கட்டியிருந்தார்கள். ஆனால் அம்மா ஒரு முட்டையைக் கையில் எடுத்ததுமே, "இது நம்ம கோழி முட்டை கனம் இல்லையேம்மா" என்றார். சமையலறைத் தராசில் வைத்தேன். 52 கிராம். அடுத்தது 51. இன்னொன்று 54. சிறுவிடை முட்டை பெரும்பாலும் 35 முதல் 40 கிராம்தான் இருக்கும். போன் செய்து கேட்டால், "நல்ல தீவனம் போடறோம் சிஸ்டர், முட்டை பெருசா இருந்தா குஞ்சும் திடமா வரும்" என்றார். அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். தராசு காட்டியதை விட்டுவிட்டு வாய்வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன்.

பயணக் குலுக்கல் அடங்க ஒரு நாள் முழுக்க முட்டைகளைக் கூர்முனை கீழே இருக்கும்படி நிறுத்தி வைத்தேன். பெரியம்மா வீட்டில் இரண்டு கோழிகள் அடைக்கு உட்காரும் கிறுக்கில் இருந்தன. கெஞ்சிக் கேட்டு வாங்கிவந்து ஆளுக்குப் பத்து முட்டை வைத்தோம். கூடையில் மணல் பரப்பி, இடிக்குப் பயந்து அம்மா வழக்கம்போல இரும்புத் துண்டும் கரியும் காய்ந்த மிளகாயும் போட்டார். மீதிப் பத்தைத் தெர்மாகோல் இன்குபேட்டரில் 37.5 டிகிரியில் வைத்தேன். அதில் இடம் இருந்ததால் பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த நான்கு முட்டைகளையும் பென்சிலால் அடையாளம் போட்டுச் சேர்த்து வைத்தேன். இந்த நான்குதான் பின்னால் எனக்குச் சாட்சி ஆயின.

பெரியம்மாவின் கோழி ஒன்றே கால் கிலோ இருந்தால் அதிகம். அந்தப் பெரிய முட்டைகளை மூடவே அது சிரமப்பட்டது. வால் பக்கம் எப்போதும் ஒரு முட்டை வெளியே தெரியும். அது மூக்கால் உருட்டி உள்ளே தள்ளும், அடுத்த பக்கம் இன்னொன்று எட்டிப் பார்க்கும். நாளுக்கு ஒரு தடவை எழுந்து நாலு வாய் கம்பு பொறுக்கி, தண்ணீர் குடித்துவிட்டு ஓடிவந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஏழாம் நாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, அட்டையில் ஓட்டை போட்டு போன் டார்ச்சின் மேல் முட்டையை வைத்துப் பார்த்தோம். கரு கூடிய முட்டையில் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளியும் அதிலிருந்து சிலந்திக்கால் மாதிரி சிவப்பு நரம்புகளும் தெரியும். பக்கத்து வீட்டு முட்டைகள் நான்கிலும் அப்படித் தெரிந்தது. வாங்கிய முப்பதில் பதின்மூன்று வெறும் மஞ்சள் வெளிச்சம், உள்ளே ஒன்றுமில்லை. மூன்றில் ரத்தம் வளையமாகக் கட்டியிருந்தது, அதாவது கரு உருவாகிச் செத்துவிட்டது. பதினான்குதான் மிச்சம்.

அப்புறம்தான் அம்மா அந்தக் காரியத்தைச் செய்தார். வெறும் முட்டை ஒன்றின் ஓட்டில் ஏதோ திட்டுத் திட்டாக இருக்கிறதே என்று ஈரத் துணியால் துடைத்தார். துணியில் டீ டிக்காஷன் கறை. ஓடு வெள்ளை வெளேரென்று வந்தது. பதின்மூன்றையும் துடைத்தோம், ஒன்பது வெளுத்தன. கடையில் ட்ரேயில் விற்கிற வெள்ளை முட்டைக்குச் சாயம் ஏற்றி, அடைமுட்டை என்று அனுப்பியிருக்கிறார்கள். கூண்டுப் பண்ணையில் முட்டைக் கோழிகளோடு சேவலே இருக்காது. அந்த முட்டையை எந்தக் கோழிக்கு அடியில் எத்தனை நாள் வைத்தாலும் குஞ்சு வராது. இயற்கையான நிறமாக இருந்தால் ஈரத் துணிக்குப் போகாது. முட்டையைக் கழுவி அடை வைக்கக் கூடாது என்று எல்லோரும் சொல்வது சரியான பேச்சுதான். அந்தப் பேச்சையே அவர் மறைவாகப் பயன்படுத்திக்கொண்டார். "தண்ணி மட்டும் படவிடாதீங்க சிஸ்டர்" என்று இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

போன் செய்தேன். "உங்க மெஷின்ல ஹீட் சரியில்ல" என்றார். கோழிக்கு அடியில் வைத்ததிலும் இதே கதை, அதே மெஷினில் பக்கத்து வீட்டு முட்டை நான்கும் கூடியிருக்கிறது என்று போட்டோ அனுப்பினேன். டிக் இரண்டும் நீலமானது. அதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை தம்பியைக் கூட்டிக்கொண்டு பார்சல் சீட்டில் இருந்த ஊருக்கே போனேன். விசாரித்துக் கண்டுபிடித்த இடத்தில் ஒரு தகர ஷெட். பனைமரம் ஒன்றுகூட இல்லை, செம்மண்ணும் இல்லை. உள்ளே முட்டை அட்டைகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. வெளியே பத்துப் பன்னிரண்டு கலர் கோழிகளும், ஒரே அடைப்பில் மூன்று விதமான சேவல்களும். வேலைக்கு இருந்த பையன் ஓனர் வெளியூர் போயிருக்கிறார் என்றான். திரும்பி வந்தோம்.

இருபத்தோராம் நாள் பதினான்கில் எட்டு பொரிந்தன, ஆறு ஓட்டுக்குள்ளேயே செத்துக் கூமுட்டையாயின. பக்கத்து வீட்டு நான்கில் மூன்று வந்தன. எட்டில் இரண்டு, இரண்டு வாரத்துக்குள் போய்விட்டன. மிஞ்சிய ஆறில் நான்கு பெட்டை. கால் தடித்து, உடம்பு மளமளவென்று ஏறி, ஐந்தாம் மாதம் பெட்டையே இரண்டு கிலோ வந்தது. கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு மேம்படுத்தப்பட்ட கலப்பின ரகம் என்றார். வனராஜா, கிராமப்ரியா போன்ற ரகங்களை நான் குறை சொல்லவில்லை. புறக்கடையில் வளர்க்க அரசு ஆராய்ச்சி நிலையமே உருவாக்கியவை அவை, முட்டை அதிகம் தரும். அதை அதன் பெயரைச் சொல்லி விற்றால் யாருக்கும் வருத்தமில்லை. எங்கள் பெட்டைகள் மாசியிலிருந்து முட்டை வைக்கின்றன. கூடையில் முட்டை குவிந்தாலும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒன்றாவது அடைக்கு உட்காருமா என்று அம்மா தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் நேரில் போங்கள். தாய்க்கோழி அடையில் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பாருங்கள். சேவல் எது, எத்தனை பெட்டைக்கு ஒன்று என்று கேளுங்கள். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவலாவது வேண்டும், அதுவும் அந்த இனச் சேவலாக இருக்க வேண்டும். வேறு சேவலோடு இருந்த பெட்டையைப் பிரித்து வைத்தாலும் இரண்டு மூன்று வாரம் போனால்தான் முட்டை சுத்தமான இனம் என்று நம்பலாம். பத்து நாளுக்கு மேல் பழசான முட்டையை எடுக்காதீர்கள். தூரத்து ஆளாக இருந்தால் வீடியோ காலில் அந்த நிமிஷமே முட்டையைத் தராசில் வைத்து, ஈரத் துணியால் ஒன்றைத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். உங்கள் பக்கம் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மையம் இருந்தால் அங்கேயோ, அரசு கால்நடை மருத்துவமனையிலோ கேட்டால் பக்கத்தில் யார் வைத்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் வழி சொல்வார்கள். நான் அதை முதலில் செய்யவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொன்னேன். பில் இருக்கிறதா என்றார்கள். பில் இல்லை. ஜிபேயில் வந்த பெயரும் வேறு யாரோ ஒருவருடையது. எவ்வளவு சின்னத் தொகையானாலும் பில் கேட்டு வாங்குங்கள். பணம் போட்டதும் ஆள் காணாமல் போனால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அன்றைக்கே அடியுங்கள்.

போன மாதம் நத்தம் பக்கம் ஒரு பாட்டியிடம் இரண்டு சிறுவிடைப் பெட்டைகளை வாரத்துக்கு (பங்குக்கு) வாங்கி வந்திருக்கிறோம், பொரிக்கிற குஞ்சில் பாதி அவருக்கு. ஒன்று பதினோரு முட்டையோடு உட்கார்ந்திருக்கிறது, இன்று பன்னிரண்டாம் நாள். அந்தப் பனைமரக் காணொளி இந்த வாரம் வேறொரு குரூப்பில், வேறு பெயரில், முட்டை 50 ரூபாய் என்று வந்திருக்கிறது. ஆரம்பத்தில் ஒரு நீல ட்ரம்மும் அதன் மேல் ஏறி நிற்கிற வெள்ளைச் சேவலும் தெரியும். அதைப் பார்த்தால் பணம் போடாதீர்கள்.