கார்ட்லெஸ் சாண்டர் வாங்குகிறவர்கள் பேட்டரி பூட்டைப் பார்த்து வாங்கவும்

மதுரைப் பக்கம் புது வீடுகளுக்குக் கதவு, ஜன்னல் பாலீஷ் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். போன மாதம் பேட்டரியில் ஓடும் சாண்டர் (உப்புத்தாளை மாட்டி மரத்தைத் தேய்க்கிற மிஷின்) ஒன்று வாங்கி ஏமாந்தேன். இந்த மாதிரி செட் ஊரெங்கும் விற்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

உப்புத்தாளைக் கையில் பிடித்துத் தேய்க்க இப்போது ஆள் கிடைப்பதில்லை. வயர் சாண்டர் ஒன்று இருக்கிறது. ஆனால் புது வீட்டில் பாதி அறைக்குக் கரண்ட் வந்திருக்காது, கீழிருந்து மாடிக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுக்க வேண்டும். அதனால் பேட்டரி சாண்டர் வாங்கலாம் என்று டவுனில் ஒரு கடைக்குப் போனேன். டிரில்லிங் மிஷினுக்காக வாங்கிய மகிட்டா 18 வோல்ட் பேட்டரி இரண்டு என்னிடம் ஏற்கெனவே உண்டு. அதே கம்பெனி சாண்டரை வாங்கியிருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது. விலையைக் கேட்டதும் கொஞ்சம் யோசித்தேன். கடைக்காரர் அதைக் கவனித்துவிட்டார்.

"அண்ணே, இதப் பாருங்க. 5 இஞ்ச் சாண்டர், 2 பேட்டரி, சார்ஜர், பெட்டி எல்லாம் சேர்த்து 7,200. உங்க மகிட்டா பேட்டரியும் இதுல உள்ள போகும். அதோட உங்களோடது 18 வோல்ட், இது 21. பவர் ஜாஸ்தி."

மிஷின் மேல் நான் கேள்விப்படாத ஒரு பெயர். பேட்டரியைத் தள்ளினார், 'டக்' என்றது. பத்து விநாடி ஓட்டிக் காட்டினார். வாங்கிவிட்டேன். உள்ளே போகும் என்றுதான் அவர் சொன்னார், நிற்கும் என்று சொல்லவில்லை. அது அப்போது உறைக்கவில்லை.

முதல் நாளே ஒரு கோளாறு தெரிந்தது. கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் மிஷின் ஒரு நொடி நின்று மறுபடி ஓடும். நின்று கிளம்புகிற இடத்தில் தேக்கில் சுழி சுழியாகக் கீறல் விழுந்தது. 120 நம்பர் தாளைப் போட்டு மறுபடி முதலிலிருந்து தேய்க்க வேண்டியதாயிற்று. பேட்டரியை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் சரியாகிவிடும். புது மிஷின், பழகினால் சரியாகும் என்று விட்டுவிட்டேன். தட்டினால் சரியாகிறது என்றால் கோளாறு எங்கே என்று அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள், என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஸ்டூல் மேல் நின்று தலைவாசல் நிலையின் மேல்கட்டையை அடிப்பக்கமாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். மிஷினைக் கவிழ்த்துப் பிடித்தால்தான் அந்த இடம் வரும். திடீரென்று சத்தம் நின்றது, அடுத்த நொடி கீழே 'பட்' என்று இன்னொரு சத்தம். பேட்டரி தானாகக் கழன்று அவன் தோளை உரசிக்கொண்டு தரையில் விழுந்துவிட்டது. காலில் விழாதது நல்ல நேரம். ஆனால் ஹாலில் போட்டிருந்த 4க்கு 2 டைல்ஸில் ஒரு மூலை நட்சத்திரம் மாதிரி விரிந்துவிட்டது. வீட்டுக்காரர் திட்டவில்லை. "தம்பி, இதே ஷேடு இப்ப கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்று ராத்திரி டார்ச் அடித்து மிஷினையும் பேட்டரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இந்த வகைப் பேட்டரியின் மேல் இரண்டு ஓரத்திலும் தண்டவாளம் மாதிரி வரம்பு இருக்கும். மிஷினின் அடியில் உள்ள பள்ளத்தில் அது சறுக்கிக்கொண்டு போகும். மிஷினிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு தகடுகள் பேட்டரியின் வெட்டுக்குள் போய் உட்கார்ந்தால் கரண்ட் வரும். கடைசியில் பேட்டரி மேலிருக்கும் ஒரு நாக்கு, ஸ்பிரிங் தள்ளுவதால், மிஷினில் உள்ள குழியில் எழும்பி மாட்டிக்கொள்ளும். முன்னாலிருக்கும் பட்டனை அழுத்தினால் நாக்கு இறங்கும், பேட்டரியை இழுத்து எடுக்கலாம். எடையைத் தாங்குவது தண்டவாளம். பின்னால் நழுவாமல் பிடிப்பது அந்த ஒரு நாக்குதான்.

இந்த மிஷினில் குழியின் விளிம்பு செங்குத்தாக இல்லை, சரிவாகத் தேய்த்த மாதிரி மழுங்கியிருந்தது. ஆழமும் போதவில்லை. நாக்கு பாதிதான் ஏறுகிறது, அதற்கே 'டக்' சத்தம் வந்துவிடுகிறது. பேட்டரியைப் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டருக்கு ஆடியது. தகடுகளில் கறுப்புப் புள்ளிகள். ஆடுகிற இடத்தில் பொறி பறந்து கருகியதுதான் அது. வேலையில் மிஷின் நின்று நின்று ஓடியதற்குக் காரணமும் அதுதான்.

அப்புறம் என் மகிட்டா பேட்டரியை அதில் போட்டுப் பார்த்தேன். அந்தக் கம்பெனி பேட்டரியில் பட்டனுக்கு மேல் சிவப்பாக ஒரு அடையாளம் இருக்கும். முழுதாகப் பூட்டினால் அது மறைந்துவிடும். சிவப்பு கண்ணில் பட்டால் பூட்டவில்லை என்று அர்த்தம், அவர்கள் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. இந்தச் சாண்டரில் எத்தனை தடவை தள்ளினாலும் சிவப்புக் கோடு எட்டிப் பார்த்துக்கொண்டேயிருந்தது. செட்டில் வந்த பேட்டரியிலோ அந்த அடையாளமே கிடையாது.

டிரில்லில் இந்த ஆட்டம் பெரிய தொந்தரவு தராமல் போயிருக்கலாம். சாண்டர் அப்படியில்லை. உப்புத்தாள் ஒட்டுகிற தட்டு வெறுமனே சுற்றுவதில்லை, மையம் விலகி நிமிடத்துக்குப் பத்தாயிரம் தடவைபோல அதிர்கிறது. பாதி மாட்டிய நாக்கை அந்த அதிர்வே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திவிடும். போதாததற்குத் தூசி. மரத்தூள்கூடப் பரவாயில்லை, சீலர் (பாலீஷுக்கு முன் மரத்தின் துளைகளை அடைக்கப் பூசுவது) அடித்த பிறகு தேய்க்கும்போது வருகிற வெள்ளை மாவு ஒட்டும். அது குழிக்குள் அப்பிக்கொண்டால் நாக்கு ஏற இடமேயில்லை. நல்ல கம்பெனி மிஷினிலும் இது நடக்கும். இப்போது பேட்டரி மாற்றும்போதெல்லாம் பெயின்ட் பிரஷ்ஷால் குழியையும் பள்ளத்தையும் ஒரு தடவை தட்டிவிட்டுத்தான் போடுகிறேன். சிலர் சறுக்கிப் போகட்டும் என்று கிரீஸ் தடவுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். தூசி அதில் பசை மாதிரி பிடித்துக்கொள்ளும்.

21 வோல்ட் கதையையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரிக்கு உள்ளே வரிசையாக 5 செல். ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட் வைத்துக் கணக்குப் போட்டால் 18, முழு சார்ஜில் 4.2 வைத்தால் 21. என் பேட்டரியும் சார்ஜ் ஏறியதும் அதே 21தான் காட்டும். ஒரே சரக்குக்கு இரண்டு எண். 48, 88 என்று ஸ்டிக்கர் ஒட்டி வருவதெல்லாம் அதைவிட மோசம்.

செட்டில் வந்த பேட்டரி மேல் 5.0 ஏஎச் (ஆம்பியர்-ஹவர், எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்கிற அளவு) என்று போட்டிருந்தது. மளிகைக்கடைத் தராசில் வைத்தேன், 390 கிராம். அதே 5.0 போட்ட என் பழைய பேட்டரி 630. சந்தேகம் வந்து, பேட்டரி ரிப்பேர் செய்கிற நண்பரிடம் கொடுத்துத் திறக்கச் சொன்னேன் (நீங்களே திறக்காதீர்கள், லித்தியம் செல் ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்). 10 செல் இருக்க வேண்டிய பெட்டியில் 5 செல், மீதி இடம் வெறும் காலி. அந்த 18650 (செல்லின் சைஸ் எண்) செல் ஒன்று நன்றாக இருந்தாலே மூன்றரை ஏஎச்சுக்குள்தான் வரும். ஒற்றை வரிசை 5 செல்லில் 5 ஏஎச் எங்கிருந்து வரும்? லித்தியம் பேட்டரிக்கான ஐ.எஸ். 16046 என்ற பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) எண்ணும் மேலே இல்லை. அதைக் கடையிலேயே பார்த்திருக்கலாம்.

எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

"பேட்டரிக்கு வாரண்டி கிடையாது அண்ணே, மிஷினுக்குத்தான்."

"பூட்டு மிஷின்லதானே இருக்கு?"

"நீங்க சரியா மாட்டிருக்க மாட்டீங்க. ஒண்ணு பண்ணுங்க, மாட்டிட்டு மேல இன்சுலேஷன் டேப்ப ரெண்டு சுத்து சுத்திருங்க. நிறைய பேர் அப்படித்தான் ஓட்டுறாங்க."

7,200 ரூபாய் வாங்கிக்கொண்டு டேப் சுற்றச் சொல்கிறார்! அதுவும் 'நிறைய பேர்' என்கிறார், அப்படியானால் நான் முதல் ஆள் இல்லை. பில் கேட்டபோது, வாங்கிய அன்று கொடுத்த துண்டுச் சீட்டையே காட்டினார். கடைப் பெயர்கூட இல்லாத எஸ்டிமேட். ஜிஎஸ்டி பில் போட்டால் விலை கூடும் என்று அவர் சொன்னபோது தலையாட்டியது நான்தான். நுகர்வோர் உதவி எண் 1915இல் கூப்பிட்டேன். பிழைப்புக்காகத் தானே வேலை செய்கிறவர் வாங்கிய கருவி என்றால் நுகர்வோர் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் முதலில் பில்லைத்தான் கேட்கிறார்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் சொந்தப் பேட்டரியைக் கையில் எடுத்துப் போங்கள். மாட்டிவிட்டுப் பட்டனைத் தொடாமல் பின்னால் நன்றாக இழுத்துப் பாருங்கள். மிஷினைத் தலைகீழாகப் பிடித்து, கீழே கையை வைத்துக்கொண்டு உதறுங்கள். மரத்துண்டு கேட்டு வாங்கி, அழுத்தி ஐந்து நிமிடம் தேய்த்துவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். வெறும் காற்றில் பத்து விநாடி ஓட்டிக் காட்டுவதில் ஒன்றும் தெரியாது.

டைல்ஸ் ஷேடு கிடைக்கவில்லை. கூலியில் 2,500 கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் அந்த மூலையில் இப்போதைக்குச் செருப்பு ஸ்டாண்டை வைத்திருக்கிறார்.