கண்டெய்னரை டிராக்டரில் கட்டி இழுக்க விடாதீர்கள்

மோட்டார் சாமான், உர மூட்டை, ஸ்பிரேயர் எல்லாவற்றையும் போட்டுப் பூட்டி வைக்கத் தோட்டத்தில் பழைய கண்டெய்னர் வாங்கிப் போடுவது நம்ம திருநெல்வேலிப் பக்கம் இப்போது அதிகமாகிவிட்டது. தூத்துக்குடித் துறைமுகம் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் பெட்டி கிடைப்பதில் சிரமம் இல்லை. மானூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு நானும் ஒரு 20 அடிப் பெட்டி வாங்கினேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தி, ஓட்டை வழியாக எங்காவது வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துத்தான் எடுத்தேன். பெட்டி நல்ல பெட்டி. கொண்டுவந்து இறக்கியவர்கள்தான் அதைக் கெடுத்தார்கள். வாங்கப் போகிற யாருக்கும் இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

வியாபாரி பேசியது இதுதான்: "அண்ணாச்சி, நீங்க இடத்த மட்டும் காட்டுங்க. சொல்லுத இடத்துல உக்கார வச்சிட்டுத்தான் நம்ம ஆளுவ கெளம்புவாவ. கிரேனும் சேத்துத்தான் ரேட்டு." வண்டிப்பாதையை வீடியோ எடுத்து அனுப்பினேன். கரிசல் மண், மழை பெய்தால் சக்கரம் உருளாது, காய்ந்த பிறகு வாருங்கள் என்றும் சொன்னேன். சரி சரி என்றார்.

ஐப்பசியில் நல்ல மழை பெய்த மறுநாள் டிரெய்லர் வந்து தார்ரோட்டில் நின்றது. ஹைட்ரா கிரேன் வரவில்லை. அதற்குப் பதிலாகப் பக்கத்து ஊரில் வாடகைக்குப் பிடித்த ஒரு டிராக்டரும் ஜேசிபியும் வந்தன. கிரேன் எங்கே என்று போனில் கேட்டால், "அதுக்குத் தனியா ஆவும் அண்ணாச்சி, இவனுவளே முடிச்சிருவானுவ" என்கிறார். இன்றைக்கு வேண்டாம், திருப்பிக் கொண்டு போங்கள் என்றேன். டிரெய்லர்க்காரர் வெயிட்டிங் சார்ஜ் கேட்க, நான் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜேசிபிக்காரர் வேலையை ஆரம்பித்துவிட்டார்.

பக்கெட்டைப் பெட்டியின் ஒரு முனைக்கு அடியில் கொடுத்துத் தூக்கினார்கள். டிரெய்லர் முன்னால் நகர, மறுமுனை ரோட்டோரத்தில் தடாலென்று விழுந்தது. பிறகு கதவின் லாக் கம்பிகளில் சங்கிலியைச் சுற்றி டிராக்டரில் கட்டி இழுத்தார்கள். கண்டெய்னருக்குப் பலம் எல்லாம் எட்டு மூலைகளிலும் உள்ள, ஓட்டை வைத்த வார்ப்பு இரும்பில்தான். தூக்குவதும் கட்டுவதும் அந்த ஓட்டைகளில்தான் செய்ய வேண்டும். லாக் கம்பி கதவைப் பூட்டுவதற்கு உள்ளது. பாரம் இழுக்க அது தாங்காது.

20 அடிப் பெட்டி காலியாக இருந்தாலே சுமார் 2,200 கிலோ இருக்கும். கதவிலேயே ‘டேர்’ என்று எடை எழுதியிருப்பார்கள். 45 எச்பி டிராக்டரின் எடை கிட்டத்தட்ட 2 டன்தான். தன்னைவிடக் கனமான பெட்டியை ஈரக் கரிசலில் அது எப்படி இழுக்கும்? பெட்டியின் அடி விளிம்பு மண்ணைக் கலப்பைக் கொழு மாதிரி கிழித்துக்கொண்டு இறங்கியது. டிராக்டரின் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி பறித்தது.

அப்போதுதான் அந்த டிரைவர் தம்பி கீழ்க் கொக்கியில் இருந்த சங்கிலியைக் கழற்றி, மேலே டாப் லிங்க் மாட்டுகிற இடத்தில் கட்டினான். கியர் போட்டதும் முன்சக்கரம் இரண்டும் மண்ணை விட்டு எழும்பிவிட்டன. "ஏல, கிளட்ச மிதில!" என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி கத்தியதில் மிதித்துவிட்டான், வண்டி திரும்ப இறங்கியது. இல்லாவிட்டால் அவன் மேலேயே கவிழ்ந்திருக்கும். பின்அச்சுக்கு மேலே கட்டி இழுத்தால் பாரம் நகராதபோது டிராக்டர் பின்பக்கமாகப் புரளும். குதிக்கக்கூட நேரம் கிடைக்காது. அந்தப் பையனுக்கு இதை யாருமே சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு அவன் மேல் கோபம் இல்லை, அவனை அனுப்பியவர் மேல்தான்.

அதற்குப் பிறகு ஜேசிபியைப் பின்னால் விட்டு பக்கெட் பல்லால் தள்ளினார்கள். பக்கத் தகடு கிழிந்தது. முளைத்து நின்ற உளுந்து ஒரு பட்டையாக நாசம். நான் போட்டு வைத்திருந்த கான்கிரீட் மேடைக்குப் பாதி வழியில் விட்டுவிட்டு, பாக்கிப் பணத்தோடு ஜேசிபி வாடகையும் சேர்த்துக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. பெட்டி இப்போது மூன்று மூலையில் நிற்கிறது, நாலாவது மூலை அந்தரத்தில். லாக் கம்பி வளைந்து கதவு சேரவில்லை, ரப்பர் பட்டை பிய்ந்து தொங்குகிறது. அடித்த மழையெல்லாம் உள்ளேதான்.

வாங்குகிறவர்கள் ‘டெலிவரி’ என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். எந்த இடத்தில் வைப்பது, எந்த கிரேன், வாடகை யாருடையது என்று வாட்ஸப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டி மேடையில் உட்கார்ந்து, கதவைத் திறந்து மூடிப் பார்க்கும்வரை முழுப் பணமும் கொடுக்காதீர்கள். நாலு மூலையிலும் ஷாக்கிள் (பூட்டுகிற இரும்பு வளையம்) போட்டு ஹைட்ரா தூக்கினால் போதும். ஆனால் ஒன்று, 14 டன் ஹைட்ரா என்றால் பூம் (கிரேனின் தூக்கும் கை) கிட்டத்தில் இருக்கும்போதுதான் 14 டன். பூமை நீட்ட நீட்டத் தூக்கும் திறன் குறைந்துகொண்டே போகும். அதனால் கிரேன் பெட்டிக்குக் கிட்டத்தில் வந்து நிற்கத் தரை இறுகியிருக்கிறதா, மேலே கரண்ட் கம்பி தாழ்வாக ஓடுகிறதா என்று முதலிலேயே பாருங்கள். டிரெய்லரில் இருக்கும்போதே பெட்டி சுமார் 4 மீட்டர் உயரம் வரும். கரிசலாக இருந்தால் தை, மாசியில் செய்யுங்கள். மேடை நாலு மூலையும் ஒரே மட்டமாக இருக்கட்டும். ஒரு மூலை தாழ்ந்தாலே சட்டம் முறுக்கிக் கதவு இறுகிவிடும். அப்படி மட்டம் தவறி மட்டும் இறுகினால் பயப்பட வேண்டாம், தாழ்ந்த மூலையை ஜாக்கி வைத்துத் தூக்கி அண்டை கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும். என் பெட்டிக்கு அது போதாது.

போட்டோ, வாட்ஸப் பேச்சு, கொடுத்த அட்வான்ஸ் விவரம் எல்லாம் வைத்து நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயார் செய்துகொண்டிருக்கிறேன். 5 லட்சம் வரையிலான தொகைக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். 1915 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம். இதே மாதிரி இழுத்துப் போட்டுவிட்டுப் போன பெட்டி உங்கள் தோட்டத்திலும் கிடந்தால் பில்லையும் படத்தையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தகவல் அனுப்புங்கள், சேர்ந்தே மனுப் போடலாம்.