காலையில் மட்டும் வரும் இன்ஜின் சத்தத்துக்கு 64,500 ரூபாய் பிடுங்கிய ஒர்க்‌ஷாப்: பிக்கப் வைத்திருப்பவர்கள் படிக்கவும்

64,500 ரூபாய். சம்ப்பை (இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற தொட்டி) கூடக் கழற்றாத இன்ஜின் வேலைக்கு. முழு விவரமும் நேற்றுதான் தெரிந்தது. ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்துப்பிழை இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். கடைப் பேரைப் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், அதுவரை பேர் வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். கோவையில், எல்லாக் கம்பெனி வண்டியும் பார்ப்போம் என்று போர்டு மாட்டி, ஏசி போட்ட வெயிட்டிங் ரூம் வைத்திருக்கும் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப். அவ்வளவுதான் இப்போதைக்கு.

என் வண்டி டீசல் பிக்கப், காமன் ரெயில் இன்ஜின். புதுசாக எடுத்தது, இன்ஜினை இதுவரை யாரும் பிரித்ததில்லை. (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.) ஊட்டிப் பக்கம் கேத்தி பாலாடாவில் கழுவின கேரட்டை ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்குவதுதான் பிழைப்பு. மார்கழி பிறந்து உறைபனி விழ ஆரம்பித்ததும் காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு சத்தம் வந்தது. டிக் டிக் டிக் என்று, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் அதுவும் கூடவே வேகமாகும். குன்னூர் வருவதற்குள் காணாமல் போய்விடும். அப்புறம் அன்றைக்கு முழுக்க வராது. மறுநாள் விடிகாலை மறுபடியும் அதே டிக் டிக்.

மண்டியில் லோடு இறக்கிவிட்டு அப்படியே கோவைக்கு விட்டேன். ஆன்லைனில் நல்ல ரேட்டிங், யூனிஃபார்ம் போட்ட ஆட்கள். போய்ச் சேரும்போது இன்ஜின் நல்ல சூட்டில் இருக்கிறது, சத்தம் துளிகூட இல்லை. "காலையில குளிர்ல மட்டும்தான் வரும்" என்று தெளிவாகச் சொன்னேன். சூப்பர்வைசர் பானெட்டைத் திறந்து, ஸ்க்ரூடிரைவரை வைத்துக் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, ஒரு நிமிஷம் பேசவே இல்லை. டாக்டர் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பாரே, அப்படி ஒரு பார்வை. "பிக் எண்டு பேரிங் போயிருக்குங்ணா" என்றான். இன்ஜின் அடிவயிற்றில், பிஸ்டனின் கனெக்டிங் ராடு கிராங்க் என்கிற சுழல்தண்டைப் பிடிக்கிற இடத்தில் இருக்கும் பேரிங் அது.

அப்புறம்தான் அந்த வசனம். "நீங்க வண்டியை வெச்சுப் பொழைக்கிறவங்க. உங்ககிட்டப் பொய் சொல்லி எனக்கு என்னங்ணா ஆகப் போகுது? பர்லியார் இறக்கத்துல லோடோட வரும்போது கனெக்டிங் ராடு வெளிய வந்துச்சுன்னா யாரு பதில் சொல்றது?" டீ வாங்கிக் கொடுத்தான். கிராங்க்கும் அடிபட்டால் ரெண்டு லட்சத்தைத் தாண்டும், இப்போதே பார்த்துவிட்டால் 64,500ல் முடிந்துவிடும் என்றான். அந்த இறக்கத்தில் தினமும் லோடோடு இறங்குகிறவனுக்கு அந்த ஒரு பேச்சு போதும். வீட்டில் சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்தோடு மச்சானிடம் வாங்கியதையும் சேர்த்து 64,500ஐக் கட்டினேன்.

வண்டியை விட்ட அன்று சாயங்காலம் வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. ஒரு கையில் இரண்டு பேரிங் ஷெல் (பேரிங்கின் அரைவட்டத் தகடு). ஒன்று உள்பக்கம் தெரிகிற மாதிரி, மேல் பூச்சு தேய்ந்து செம்பு நிறம் பல்லிளிக்கிறது. இன்னொன்று கவிழ்ந்து கிடக்கிறது. "உங்க வண்டி ஷெல்லுங்ணா, பாருங்க எப்படி இருக்குன்னு." வீட்டில் எல்லோருக்கும் காட்டி, நல்ல வேளை தப்பித்தோம் என்று வேறு சொன்னேன்!

டெலிவரி எடுக்கப் போனபோது வண்டி ஏற்கெனவே ஸ்டார்ட்டில் நின்றது. பானெட்டில் கை வைக்க முடியாத சூடு. "டெஸ்ட் டிரைவ் போய்ட்டு இப்பத்தான் வந்தோம், கேளுங்க, பட்டு மாதிரி ஓடுது." சூட்டில் அது எப்போதுமே அப்படித்தானே ஓடும்! பழைய பார்ட்ஸைக் கேட்டால் ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம். பில் என்று ஒரு வெள்ளைத் தாள். ஜிஎஸ்டி பில் வேண்டுமென்றால் 18 சதவீதம் கூடுதலாகும் என்றான்.

மறுநாள் விடிகாலை சாவியைத் திருப்பினேன். டிக் டிக் டிக்.

போன் போட்டேன். "புது பேரிங்குங்ணா, செட் ஆகணும், ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும்." ஓட்டினேன், போகவில்லை. மறுபடி போன் போட்டால், "ஆயில் என்ன ஊத்துனீங்க?" ஊற்றியதே நீங்கள்தானே ஐயா! அடுத்து டீசல் சரியில்லை என்றார்கள். அதற்கடுத்து சூப்பர்வைசர் லீவு, முதலாளி வெளியூர். நேரில் போய் நின்றால் ஏசி ரூமில் மத்தியானம் வரை உட்கார வைத்துவிட்டு ஒரு புதுப் பையன் வந்து சொல்கிறான்: "ஊட்டிக் குளிருக்கு எல்லா டீசல் வண்டியும் அப்படித்தான் சார் கத்தும்." பணம் வாங்குகிற வரைக்கும் உயிர் போகிற வியாதி, பணம் கைக்குப் போனதும் குளிர் ஜுரம். அதுவரை அண்ணாவாக இருந்த நான் எப்போது சார் ஆனேன் என்று தெரியவில்லை.

குளிரில் டீசல் இன்ஜின் கொஞ்சம் கூடுதலாகத் தட்டும் என்பது உண்மைதான். சிலிண்டர் சில்லென்று இருக்கும்போது டீசல் பற்றிக்கொள்வது கொஞ்சம் தாமதமாகி, பிறகு ஒரேயடியாகப் பற்றும். அந்தத் தட்டல் எனக்குப் பழக்கம்தான். நான் சொன்ன டிக் டிக் அது இல்லை.

கடைசியில் மேட்டுப்பாளையத்தில் பழைய மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் போனேன். அவர் இன்ஜின் பக்கமே போகவில்லை. "சூடா இருக்கு, இப்பக் கேட்டு என்ன பண்றது? ராத்திரி இங்கயே விட்டுட்டுப் போ தம்பி. காலைல நான் வர்றதுக்கு முன்னாடி யாரும் சாவி போடக் கூடாது" என்றார். காலையில் என்னை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, அரை இஞ்ச் ரப்பர் ஹோஸ் ஒரு துண்டை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை இன்ஜினைச் சுற்றி மெதுவாக நகர்த்தினார். டைமிங் கவர் பக்கம் வைத்தார், ராக்கர் கவர் பக்கம் வைத்தார், தலையை ஆட்டினார். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே விடும் குழாய்) பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். "இந்தா, கேளு." காதில் அறைகிற மாதிரி டிக் டிக்.

இன்ஜின் ஆறினதும் ஹீட் ஷீல்டைக் கழற்றினார். கடைசி சிலிண்டர் வாய்க்குப் பக்கத்தில் விசிறி விரித்த மாதிரி கறுப்புப் புகைக்கரி. மேனிஃபோல்டை இன்ஜினோடு இறுக்கிப் பிடிக்கிற ஒரு ஸ்டட் (திருகு கம்பி) உடைந்து தலையில்லாமல் நின்றது. குளிரில் அந்த இடைவெளி வழியாக எக்ஸாஸ்ட் அடிக்கும், இரும்பு சூடாகி விரிந்ததும் அடைத்துக்கொள்ளும், சத்தம் நின்றுவிடும். அவ்வளவுதான் விஷயம். உடைந்த ஸ்டட்டின் மேல் நட்டை வெல்டிங் வைத்துத் திருகி எடுத்து, புது ஸ்டட், புது கேஸ்கட் போட்டு 3,800 ரூபாய் வாங்கினார். இன்று காலை ஸ்டார்ட் செய்தேன், சத்தம் இல்லை.

பேரிங் போயிருந்தால் நேர் எதிராக இருக்கும் என்றார். சூடாகி ஆயில் இளக இளகத்தான் அந்தத் தட்டல் கூடும், லோடில் மலை ஏறும்போது அடிவயிற்றிலிருந்து டொக் டொக் என்று வரும், ஐடிலில் ஆயில் லைட் மினுக்கும். சூடானதும் நின்றுவிடுகிற மெல்லிய டிக் டிக்கைக் கேட்டு பிக் எண்டு என்கிறவனுக்கு ஒன்று வேலை தெரியாது, இல்லை நன்றாகவே தெரியும். ஸ்டார்ட் ஆனதும் இரண்டு மூன்று விநாடி மட்டும் கரகரவென்று வந்து நின்றால் டைமிங் செயின் டென்ஷனரை (இன்ஜின் செயினை இறுக்கிப் பிடிக்கிறது) பார்க்க வேண்டுமாம். ராத்திரியில் ஆயில் கீழே இறங்கிவிடுவதால் அப்படி வரும், மட்டமான ஆயில் ஃபில்டர் போட்டாலும் வரும். டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரின் அடி வாஷர் லீக் என்றால் புஸ் புஸ் என்று கேட்கும், சுற்றிலும் தார் மாதிரி கரி கட்டியிருக்கும்.

அப்புறம் வண்டியை ஜாக் போட்டுத் தூக்கி அடியில் டார்ச் அடித்தார். சம்ப் போல்ட் எல்லாவற்றின் தலையிலும் செம்மண்ணும் பழைய கிரீஸும் கலந்து கல்லாக இறுகியிருக்கிறது. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. சம்ப் விளிம்பில் முன்பக்கம் மட்டும் புது சிலிகானை வெளியிலிருந்து இழுத்துவிட்டிருக்கிறார்கள், நகத்தால் சுரண்டினால் நூல் மாதிரி உரிந்து வருகிறது, அதற்கு அடியிலும் மண்! சம்ப்பை இறக்காமல் பிக் எண்டு பேரிங்கை எப்படி மாற்றினார்கள்?

வாட்ஸ்அப் போட்டோவைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கவிழ்ந்து கிடக்கிற ஷெல்லின் முதுகில் 0.50 என்று குத்தியிருக்கிறது. கிராங்க்கைக் கடைசல் பிடித்த (தேய்த்துச் சிறிதாக்கிய) இன்ஜினுக்குப் போடுகிற சைஸ் அது. பிரிக்காத இன்ஜினில் ஸ்டாண்டர்டு ஷெல்தான் இருக்கும். யாரோ ஒருவருடைய வண்டியின் ஷெல்லை என்னுடையது என்று காட்டி 64,500 வாங்கியிருக்கிறார்கள்.

போட்டோ விஷயத்தைச் சொல்லி அந்தக் கோவைக் கடைக்குப் போன் போட்டேன். "கமர்ஷியல் வண்டிக்கு கன்ஸ்யூமர் கோர்ட்டெல்லாம் கிடையாது, பார்த்துக்கங்க" என்று வைத்துவிட்டான். அதுவும் பொய். சொந்தப் பிழைப்புக்காக, சுயதொழிலாக ஓட்டுகிற வண்டி என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நாமும் நுகர்வோர்தான். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து புகாரைப் பதிந்துவிட்டேன்.

விவரமாக டிப்ஸ் எழுத நினைத்தேன், லோடு ஏற்றக் கூப்பிடுகிறார்கள், அவசரத்தில் சொல்கிறேன். குளிரில் வரும் சத்தத்தைச் சூட்டில் கேட்டுத் தீர்ப்பு சொல்கிறவனிடம் வண்டியை விடாதீர்கள். ராத்திரி அங்கேயே நிறுத்தி, காலையில் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சத்தத்தைப் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். சம்ப் இறக்கும்போது நேரில் நில்லுங்கள், பழைய பார்ட்ஸ் கைக்கு வராமல், ஜிஎஸ்டி பில் இல்லாமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். டெலிவரியையும் ஆறின வண்டியில் எடுங்கள். கடைப் பேரைக் கமெண்டில் கேட்காதீர்கள், புகார் முடியட்டும். இதே மாதிரி 0.50 ஷெல் போட்டோ வேறு யாருக்காவது வந்திருந்தால் மட்டும் சொல்லுங்கள், சேர்ந்தே கேஸ் போடலாம்.