நேர்மறை உளவியல் பயிற்சியா, இன்னோர் ஆளா?

கொழும்புக் கோட்டையிலுள்ள எங்கள் காரியாலயத்தில் ஊழியர் நலனுக்கான இவ்வருடப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று கேட்டிருக்கிறார்கள். நல்லுணர்ச்சிகளை வளர்க்கக் கற்றுத்தரும் நேர்மறை உளவியல் பயிற்சிப்பட்டறையா, கணக்குப் பிரிவுக்கு இன்னோர் ஆளா?

செலவு: பயிற்சிக்கு ஒரு நாள் கட்டணம்.
ஆளுக்கு மாதாமாதம் சம்பளம்.

இலகு: பயிற்சிக்கு ஒரு மண்டபம் போதும்.
ஆளுக்கு மேலிடத்தின் ஒப்புதல் வேண்டும்.

ஆதாரம்: இங்கேதான் நிதானம் தேவை. ஓர் எதிர்மறை உணர்ச்சிக்கு 2.9013 நேர்மறை உணர்ச்சிகள் இருந்தால் மனிதர் செழிப்பர் என்று 2005இல் ஆய்வாளர்கள் பிரெட்ரிக்சனும் லொசாடாவும் ஒரு கட்டுரையில் எழுதினார்கள். அதைச் சோதித்தது அமெரிக்க மாணவர்களிடம், காரியாலயத்தில் அல்ல. 2013இல் பிரவுண், சோக்கல், ஃபிரீட்மன் மூவரும் கணிதமே பிழை என்று காட்ட, கட்டுரையின் அந்தக் கணிதப் பகுதி மீளப்பெறப்பட்டது. 2024இல் வெளியான வில்லியம் ஃபிளெமிங்கின் ஆய்வு, பிரித்தானிய ஊழியர்கள் 46,336 பேரின் தரவுகளைப் பார்த்தது. பயிற்சி போன்ற தனிநபர் மனநலத் திட்டங்களில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட நலமாக இல்லை. ஒரே தடவை எடுத்த தரவு என்பதால் காரணத்தை அது நிறுவிவிடாது. ஆனாலும் பயிற்சியை விற்பவர்கள் இதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

நீடிப்பு: நன்றிக்குரியவற்றை எழுதிவைக்கச் சென்ற வருடப் பயிற்சியில் தந்த நன்றிக் குறிப்பேடு என் மேசை லாச்சியில் இருக்கிறது. மூன்று பக்கம் எழுதினேன். மாதக் கடைசி வந்தது. இரவு எட்டரைக்கு வெள்ளவத்தை பஸ்ஸில் நின்றபடி வீடு போன நாட்களில் நான்காம் பக்கம் எழுதப்படவில்லை.

வேலை அளவாக இருந்து, ஊழியர்கள் தாமே விரும்பிக் கேட்கும் பிரிவுக்குப் பயிற்சி பொருந்தும். மூவர் வேலையை இருவர் இழுக்கும் எங்கள் பிரிவுக்கு ஆள்தான் வேண்டும். அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.