கடற்கரைப் பூங்கா டெண்டர்: ஐந்துக்கு இரண்டரைப் புள்ளி

நிலாவெளி வீதியில் பதினெட்டு வருடமாகப் பூக்கன்று விற்கிறேன். திருகோணமலை மாவட்டத்தில் உள்ள ஒரு உள்ளூராட்சி சபையின் அழகுபடுத்தல் வேலைகளுக்கு இரண்டு தடவை விலைமனு போட்டேன். எந்தச் சபை என்று எழுதமாட்டேன், அடுத்த வருடமும் நான் அந்தப் படியேற வேண்டும். இரண்டு தடவையும் கிடைக்கவில்லை. தோற்றவள் எழுதுகிறாள் என்பதை முதலே சொல்லிவிட்டேன், அதற்கேற்ற மாதிரிக் கழித்து வாசியுங்கள்.

பதிவு செய்வது சுகம். வருட முடிவில் அடுத்த வருடத்துக்கான வழங்குநர், ஒப்பந்தகாரர் பதிவுக்கு அறிவித்தல் போடுவார்கள். வியாபாரப் பெயர்ப் பதிவு, அடையாள அட்டைப் பிரதி, வங்கிக் கணக்கு விபரம், ஒரு சிறு கட்டணம், அவ்வளவுதான். கருமபீடத்தில் இருந்த தம்பி நல்ல பிள்ளை. நான் நிரப்பாமல் விட்ட இடங்களைப் பென்சிலால் வட்டம் போட்டுத் தந்தார். “அக்கா, இந்தப் பட்டியலில பேர் இல்லாட்டி சின்ன வேலையளுக்கு விலை கேட்டுக் கடிதமே வராது” என்றார். பேர் இருந்தும் எனக்குக் கடிதம் வரவில்லை. சின்ன வேலைக்கு மூன்று பேரிடம் விலை கேட்டால் போதும். அந்த மூன்று பேரை எப்படித் தெரிகிறீர்கள் என்று கேட்டேன். “சுழற்சி முறை அக்கா.” இரண்டு வருடமாகச் சுழல்கிறது, என் வாசலுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

முதல் தோல்வி 2024 இல். அது முழுக்க என் பிழை. விலைமனு செல்லுபடியாகும் கடைசி நாளுக்குப் பிறகும் 28 நாள், அதோடு வைக்கும் வங்கிப் பிணை நிற்க வேண்டும் என்று பத்திரத்தில் தெளிவாகப் போட்டிருந்தது. நான் இரண்டுக்கும் ஒரே திகதியில் எடுத்துக்கொண்டு போனேன். விலைமனுக்களைத் திறந்து வாசித்த உடனேயே என்னுடையது தள்ளுபடியாகிவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சபையைத் திட்டினேன், மகன்தான் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினான்.

இரண்டாவது, 2025 பெப்ரவரியில் வந்த கடற்கரைப் பூங்கா. அப்போது உறுப்பினர்கள் இல்லை. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 ஆம் திகதித் தேர்தல் வரைக்கும் செயலாளர்தான் எல்லாம். அரசியல்வாதி இல்லாத நேரம், டெண்டர் சுத்தமாக நடக்கும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஜனவரியில் இருந்து அரச கொள்வனவுகளுக்கான புதுப் பெறுகை வழிகாட்டியும் நடைமுறைக்கு வந்திருந்தது. நானும் நம்பினேன்.

பெட்டி திறந்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பின்னேரம் இரண்டு மணிக்கு மூடுவதாகப் போட்டிருந்தார்கள், இரண்டு மணிக்கு மூடினார்கள். இரண்டு ஐந்துக்கு ஓடிவந்த ஒருவரின் கடித உறையைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தார்கள். ஐந்து பேரின் பெயரையும் தொகையையும் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள். வாசித்ததில் நான் இரண்டாவது குறைவு. இதில் ஒரு விஷயம்: வாசிக்கும் தொகையை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். பிறகு கூட்டல் பெருக்கல் எல்லாம் சரிபார்ப்பார்கள். அலகு விலைக்கும் (ஒரு கன்றுக்கு, ஒரு கல்லுக்கு என்று போடும் விலை) மொத்தத்துக்கும் பொருந்தாவிட்டால் அலகு விலைதான் செல்லும், வரிசை மாறும். “குறைவாப் போட்டவனுக்குக் குடுக்கேல்ல” என்று சந்தியில் கேட்கும் கதைகளில் பாதி இந்தக் கணக்குத்தான். குறைவாகப் போட்டவர் அப்படித்தான் பின்னுக்குப் போனார், நான் முன்னுக்கு வந்தேன். அப்படியும் கிடைக்கவில்லை.

என்னை விழுத்தியது “கடந்த மூன்று வருடத்தில் இதையொத்த வேலை” என்ற ஒற்றை வரி. உப்புவெளியில் நாலு ஹோட்டலுக்குத் தோட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன், ஒன்றில் புல்லே அரை ஏக்கர். படமும் பற்றுச்சீட்டும் கட்டாக வைத்தேன். நிராகரிப்புக் கடிதத்தில் “அனுபவம் போதாது” என்று மட்டும் இருந்தது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் படிவம் கொடுத்தேன். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், சொன்னார்கள், அதற்கு நன்றி. மற்றவர்களின் அலகு விலைகளைத் தரவில்லை, மதிப்பீட்டில் அனுபவப் பகுதியின் பிரதி கிடைத்தது. என் ஹோட்டல் தோட்டங்கள் அரச நிறுவனம் தந்த வேலை முடிவுச் சான்றிதழ் இல்லாததால் சேராது. வேலை கிடைத்தவர் காட்டிய “இதையொத்த வேலை” ஒரு விளையாட்டு மைதானத்துச் சுற்றுமதில்.

மதில், தோட்டத்தை ஒத்தது. தோட்டம், தோட்டத்தை ஒத்ததில்லை. அந்தப் பிரதியை லேமினேட் பண்ணிக் கடையில் தொங்கவிட்டிருக்கிறேன்.

இதில் யாரும் காசு வாங்கினார்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படி ஒன்றும் நான் காணவில்லை. இன்டர்லொக் கல்லும் விளக்குக் கம்பமும் வாங்கிலும் கன்றும் புல்லும் ஒரே பொதியாகக் கட்டினால் கட்டட ஒப்பந்தகாரர்தான் வருவார். கன்றையும் புல்லையும் மட்டும் தனியாகப் பிரியுங்கள் என்று மூடுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டேன். அதே கடிதத்தில், கடலில் இருந்து முப்பது அடியில் மலேசியன் புல் போடாதீர்கள், உப்புக் காற்று எரித்துவிடும், பூவரசு, நித்தியகல்யாணி போடுங்கள், நடுவதென்றால் ஐப்பசி மழையோடு நடுங்கள் என்றும் எழுதினேன். பதில் வரவில்லை.

அவர்கள் நட்டது ஜூனில். கச்சான் என்கிற வறண்ட சூட்டுக் காற்று அடிக்கிற மாதத்தில் இந்த ஊரில் கன்று நடுகிறவரை நான் முன்பு கண்டதில்லை. திறப்பு விழாவுக்குப் புதிதாகத் தெரிவான உறுப்பினர்கள் எல்லோரும் படத்துக்கு நின்றார்கள், புல் அன்றைக்கு மட்டும் பச்சையாக இருந்தது. குரோட்டன்களைக் கட்டாக்காலி மாடுகள் முடித்தன. திருகோணமலைக் கோட்டையடியில் திரியும் மான்களையும் சிலர் குற்றம் சொல்கிறார்கள், பாவம் அதுகள்.

கன்றுகள் எங்கே வாங்கினார்கள் என்கிறீர்களா? என்னிடம்தான். ஒப்பந்தகாரரின் சுப்பர்வைசர் லொறியோடு வந்து 400 கன்று ஏற்றினார், காசு இரண்டு மாதம் கழித்து வந்தது.

ஆகவே பெட்டி திறப்புக்கு முழுப் புள்ளி, கருமபீடத்துத் தம்பிக்கு முழுப் புள்ளி, நிபந்தனை எழுதியவருக்கு ஒன்றுமில்லை. நீங்கள் போடுவதாக இருந்தால், தனியாருக்குச் செய்த வேலை எண்ணப்படுமா என்று மூடுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பதிலை வாங்கி வையுங்கள். நான் கேட்காமல் விட்டது அதைத்தான். வங்கிப் பிணையின் திகதியை இரண்டு தடவை பாருங்கள்.

செப்டெம்பரில் அதே சுப்பர்வைசர் திரும்ப வந்தார். பராமரிப்புக் காலம் ஆறு மாதமாம், செத்த கன்றுகளுக்குப் பதில் நட வேண்டுமாம். “அக்கா, இந்த முறை பூவரசும் நித்தியகல்யாணியும் தாங்கோ” என்றார். முழுக் காசையும் எண்ணி வாங்கிக்கொண்டுதான் ஏற்றவிட்டேன். டிசம்பரில் பதிவுப் படிவம் வரும். அந்தத் தம்பிக்கு இடமாற்றம் வராமல் இருந்தால் நல்லது.