ஒரே இடமாற்றம்: டெக்சாஸுக்கு வரவு, ஓக்லஹோமாவுக்கு இழப்பு

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் டெக்சாஸ், ஓக்லஹோமா பல்கலைக்கழகங்கள் 2024 ஜூலையில் பிக் 12 என்ற போட்டி அமைப்பை விட்டு எஸ்.இ.சி. என்ற இன்னொரு அமைப்புக்குப் போயின. முடிவு ஒன்றுதான், பலனோ இரண்டு மாநிலங்களிலும் நேரெதிர்.

டெக்சாஸ் ரசிகர்களுக்கு அது பழைய பகையைத் திருப்பித் தந்தது. 2011இல் எதிரணியின் கைல் ஃபீல்டு மைதானத்தில் கடைசி நொடி ஃபீல்டு கோலில் (கம்பங்களுக்கு இடையே உதைத்த பந்தில்) 27–25 என டெக்சாஸ் வென்றதோடு, தோற்ற அணியான, அதே மாநிலத்தின் டெக்சாஸ் ஏ&எம் எஸ்.இ.சி.க்குக் கிளம்பிவிட்டது. பதின்மூன்று ஆண்டுகள் ஆட்டமே இல்லை. 2024 நவம்பர் 30 அன்று அதே கைல் ஃபீல்டில் மீண்டும் மோதினார்கள். டெக்சாஸ் 17–7 என வென்றது.

ஓக்லஹோமாவின் கதை மனத்தை அறுக்கிறது. ஓக்லஹோமா பல்கலைக்கழகம் இருக்கும் நார்மனுக்கும் ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கும் ஸ்டில்வாட்டருக்கும் இடையே காரில் ஒன்றரை மணி நேரம்தான். இவ்விரு அணிகளின் 'பெட்லம்' பகை 1904இல் கத்ரி நகரில் தொடங்கியது. அன்று உதைத்த பந்தைக் காற்று பின்னுக்குத் தள்ளி, உறைபனிக் குளிரில் ஓடிய ஓடைக்குள் போட்டது. வீரர்கள் உடையோடு தண்ணீரில் குதித்து நீந்திப் பந்தைப் பிடித்தார்கள். அப்படித் தொடங்கிய தொடர், 2023 நவம்பர் 4 அன்று ஓக்லஹோமா ஸ்டேட் 27–24 என வென்ற ஆட்டத்தோடு நின்றுபோனது.

பணமும் பலமான எதிரணிகளும் நார்மனுக்குக் கிடைத்திருக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரனோடு மோதும் அந்த ஒரு சனிக்கிழமைக்கு அவை ஈடாகா என்றே நான் சொல்வேன். அமைப்பு வேறானாலும் செப்டம்பரில் ஓர் ஆட்டத்துக்கு இடம் ஒதுக்க முடியும். இரு பல்கலைக்கழகங்களும் மனம் வைக்க வேண்டும்.